அபிப்பிராய நோட்டு

அல்சூர் கலைஞான வாசகசாலையின் கரும்பலகையில், கலை, அரசியல், ஆராய்ச்சி மூன்றிலும் படிக்கத் தக்கவை எவை என்று காரியதரிசி தேசிகன் வாராவாரம் எழுதிப்போடுவார். புத்தகத்தைத் திருப்புகிறவர் அபிப்பிராய நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். அதன்கீழ் தேசிகன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த புத்தகம் கிடைக்கும். 1956-இல் அந்தக் கையெழுத்துக்காகக் கைகட்டி நின்றவர்கள் எல்லாம் படித்த பெரிய மனிதர்கள்தான்.

ஆசிரியை ஜெயலக்ஷ்மிக்கு வித்துவான் தேர்வுக்கு மூன்றே வாரம். வேண்டிய கல்வெட்டு நூல் வேறெங்கும் கிடைக்கவில்லை; இங்கே ஒரு பிரதி இருந்தது. அதை வாங்குமுன், தேசிகன் தலையில் கட்டிய 'ஐரோப்பிய அரசியல் ஆராய்ச்சி'யைத் திருப்ப வேண்டும்.

அதன் அட்டையும் முதல் பக்கமும்தான் அரசியல். உள்ளே முழுக்கக் காய்கறி விதைப் பட்டியல். பைண்டர் மாற்றித் தைத்துவிட்டான். அவன் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஞாயிறன்று நோட்டைப் புரட்டியபோதுதான் பற்றிக்கொண்டு வந்தது. பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். "ஆழ்ந்த சிந்தனை" என்று தபாலாபீஸ் ஹெர்பர்ட். "கண் திறந்தது" என்று வக்கீல் டொமினிக். முதல் ஆள் தேசிகனேதான்: "மும்முறை படித்தேன்." மூன்று முறையும் முள்ளங்கியைத்தான் படித்திருக்க வேண்டும், மகானுபாவர்.

"இது விதைப் பட்டியல்" என்று எழுதினாள்.

"என்ன டீச்சர் இது? உங்களுக்குப் புரியலேன்னா புஸ்தகத்து மேல பழி போடறதா?" தேசிகன் மேஜைமேல் இருந்த கல்வெட்டு நூலைத் தட்டினார். "நல்லதா ரெண்டு வரி எழுதுங்கோ. இத எடுத்துண்டு போங்கோ."

அவள் பேனாவை மறுபடி எடுத்தாள். இரண்டு வரிதானே? ஆனால் பதினொரு கோழைகளுக்குப் பின்னால் பன்னிரண்டாவதாக நிற்க அவளுக்கு மனசில்லை. புத்தகத்தை விரித்து, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்க வாசித்தாள்.

"பீட்ரூட். ஜூன் மாதம் விதைக்கவும். செடிக்குச் செடி அரையடி."

யாரும் சிரிக்கவில்லை. ஹெர்பர்ட் எழுந்தார்.

"அது சும்மா எக்ஸாம்பிள், டீச்சர். ஃபுல்லா படிச்சாத்தான் மீனிங் தெரியும்."

டொமினிக் ஆமோதித்தார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"பாத்தேளா?" என்ற தேசிகன், அவளுடைய உறுப்பினர் சீட்டைக் கிழித்தார். கல்வெட்டு நூலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்த வருஷத் தேர்வு அதோடு போயிற்று.

"நீங்க ஒருத்தரும் படிக்கலன்னு உங்க எல்லாருக்குமே தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே டொமினிக்கின் குரல் கேட்டது.

"சார், அந்த அரசியல் புக்கை என் பேர்ல எழுதுங்க. இன்னொரு வாட்டி படிக்கணும்."