ஆறு மாதச் செல்லுபடி

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. கடலூரில் ஸ்கூட்டருக்குப் புகைச் சான்று வாங்க வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற கார் ஜப்பானிய மொழியில் பேசியது. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் பணிவாக எதையோ சொல்ல, சைலன்சரில் குழாயைச் சொருகக் குனிந்திருந்த பெரியவர், "நல்லா இருக்கேம்மா, நீ எப்பிடி இருக்க?" என்றார். வரிசையே சிரித்தது. கணினி முன்னால் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. காரோட்டியைப் பார்க்காமலிருப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தாள்.

போதாதா எனக்கு? பதினெட்டு வருடமாகக் குடும்பக் காதல் கதை எழுதுகிறவள் நான்.

2

முதல் தொடக்கம்: "சில்வர் பீச்சில் மாலை வெயில்..." (அடித்துவிட்டேன். புகை நிலையத்துக்கும் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம்?)

அடுத்தது: "அனுப்பிரியாவுக்குப் புகை பிடிக்கும்." (இதையும்தான். அர்த்தம் எங்கோ போகிறது.)

இது நிற்கட்டும்: அனுப்பிரியாவுக்கு வருடம் என்பது ஆறு மாதம்தான்.

காரணம், அவள் முன்னால் இருக்கும் புகை நிலையக் கணினி. பி.எஸ். நான்கு, ஆறு என்ற புகைத் தரத்து வண்டி என்றால் சான்று ஒரு வருடம் செல்லும். 'மற்றவை' என்றால் ஆறு மாதம். சிதம்பரத்து வாத்தியார் செந்தமிழ்செல்வனின் பேசும் காரை, ஜப்பானில் வேலை பார்த்த அவன் சித்தப்பா கப்பலில் கொண்டுவந்தார். அதன் பதிவில் புகைத் தரம் என்ற கட்டம் காலி. இறக்குமதிப் பத்திரத்தைப் பார்த்து நிரப்பலாம். முதல் தடவை, கூட்டத்தில் அவள் பத்திரத்தைக் கேட்க மறந்துபோய் 'மற்றவை'யைத் தட்டினாள்.

இரண்டாம் தடவை மறக்கவில்லை. வாயைத் திறப்பதற்குள் அவன், "உங்க மாமா பேசுறாரு, காரு பதில் சொல்லுது. நாமதான் ஒண்ணுமே பேசல" என்றான்.

அவள் பத்திரத்தைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

3

இதுவரை படித்த என் தோழி மாலதி கேட்டாள்: "ஏன்டி, அவன் சிதம்பரத்துல வாத்தியாருன்ற. அங்க பொக டெஸ்ட்டு எடமே இல்லியா? இதுக்குன்னு கடலூர் வரைக்கும் வருவானா?"

பெரிய ஓட்டைதான். அடைக்கப் பார்த்தேன். சிதம்பரத்தில் அன்று மின்சாரம் இல்லை என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையுமா இல்லாமல் போகும்? கடலூரில் அவனுக்கு அமராவதி என்று ஓர் அத்தையை உண்டாக்கி, அவருக்கு முட்டிவலியும் கொடுத்து

(அத்தையை நீக்கிவிட்டேன். முட்டிவலியும் போயிற்று, சந்தோஷம்தானே அத்தை?)

ஓட்டை அப்படியே இருக்கட்டும். அதன் வழியாகத்தானே அவன் வருகிறான்.

4

குழாய் சொருகும் பெரியவர் பழனிவேல், அனுப்பிரியாவின் தாய்மாமா. நிலையம் அவருடையது. காதல் கதைக்குத் தடை ஒன்று வேண்டுமே என்று அவரை முறைக்க வைத்துப் பார்த்தேன். முறைக்க வரவில்லை அவருக்கு. தடையைச் சுற்றறிக்கையாக அனுப்பினேன்: வெளிநாட்டுக் கார்களுக்கு இறக்குமதிப் பத்திரத்தைக் கணினியில் ஏற்றாமல் சான்று வராது. (சுற்றறிக்கை என் கற்பனை. அலுவலகத்தில் போய்க் கேட்காதீர்கள்.)

அது வந்த வாரம்தான் அவனும் ஆறாவது தடவையாக வந்தான்.

"சுத்தமோ சுத்தம்" என்றார் பழனிவேல், திரையைப் பார்த்து. "இந்த வண்டிய விட நான்தான் ஜாஸ்தி பொக வுடுறேன்." காதில் பீடி இருந்தது.

அனுப்பிரியா சுற்றறிக்கையை இன்னொரு தடவை படித்தாள். பத்திரம் இல்லையென்றால் காருக்குச் சான்று கிடையாது. இருந்தாலோ, ஒரு வருடத்துக்கு அவனே கிடையாது.

"சார், இம்போர்ட் பேப்பர் இருக்கா?"

அவன் தேடவே இல்லை. டேஷ்போர்டைத் திறந்ததும் கைக்கு வந்தது.

"எப்பலேர்ந்து இருக்கு இது?"

"மொத நாள்லேர்ந்து."

"ஏன் குடுக்கல?"

"நீங்க கேக்கல." பிறகு மெதுவாக, "நீங்க ஏன் கேக்கல?"

"நானுந்தான் கேக்கல" என்றார் பழனிவேல். "ஏன்னு யாராச்சும் என்னக் கேளுங்களேன்!"

யாரும் கேட்கவில்லை. அனுப்பிரியா பி.எஸ். நான்கைத் தட்டினாள். அவன் கைபேசிக்கு ஓடிபி வந்தது.

"நம்பர் சொல்லுங்க சார். டைம் போயிடும்."

"போவட்டுமே."

பின்னால் வரிசை ஹாரன் அடித்தது. அவன் ஒவ்வோர் எண்ணாக, இடைவெளி விட்டுச் சொன்னான். அச்சாகி வந்த தாளில் முழுதாக ஒரு வருடம்.

"அப்ப, அடுத்த வருஷம் வரைக்கும் வர வேணாமா?"

அவள் தாளை நீட்டினாள். இந்தத் தடவை நேராகப் பார்த்தாள்.

"வண்டி வர வேணாம்."

5

மாலதிக்குக் கல்யாண மண்டப வாசலில் அந்தக் கார் பூச்சூடி நிற்க வேண்டுமாம். அதை எழுதினேன், நன்றாகவும் வந்தது. இன்னொன்றில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் சிதம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிலையத்து வாசலில்

எதை வைப்பது? முடிவை உங்கள் பெயரில் பதிந்துவிட்டேன். உங்கள் கைபேசிக்கு ஓர் ஓடிபி வந்திருக்கும். நீங்கள் சொன்னால்தான் அச்சாகும்.

நேரம் போய்விடும் என்கிறீர்களா?

போவட்டுமே.