நடுவுல ஒரு இடம்

அக்கா கடைக்குள்ள வந்தப்ப என் வாயில நாலு குண்டூசி இருந்துச்சு. எலக்ட்ரீசியன் ஒருத்தர் புது பேன்ட்ட மாட்டிக்கிட்டு ஸ்டூல் மேல நிக்கிறார், நான் கீழ மண்டி போட்டு அவர் கால் பக்கம் மடிச்சுக் குத்திக்கிட்டிருக்கேன். கதவு மணி அடிச்சுது. ரெண்டு நிமிஷம்னு சொல்லணும், வாய் நிறைய ஊசி, அதனால "ம்ம்ம்"னு மட்டும் சொன்னேன். நிமிர்ந்து கூடப் பாக்கல. தரையோட தரையா இருந்தேனா, கண்ணுல முதல்ல பட்டது ஒரு கால்தான். இடது கால் கட்டைவிரல் உள்பக்கமா லேசா வளைஞ்சிருந்துச்சு. ஆயிரம் காலுக்கு நடுவுல வச்சாலும் அது யாரு காலுன்னு எனக்குத் தெரியும். அதப் பாத்து ஆறு வருஷம் ஆச்சு.

நல்லவேளை, ஊசிய முழுங்கல.

அக்கா என்னைய விட ஒம்போது வயசு பெரியவ. அம்மா வேலைக்குப் போயிருவாங்க, என்னைய இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சது, தலை சீவி விட்டது, கையப் பிடிச்சு எழுத வச்சது எல்லாமே அவதான். கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு யாராவது கேட்டா, "இவள வளத்ததுலயே எனக்கு அலுத்துப்போச்சு"ன்னு என்னையக் காட்டிச் சிரிப்பா. என் வீட்டுக்காரர் தவறிப் போனதும் மூட்டையக் கட்டிக்கிட்டு எங்கூட இருக்க வந்துட்டா. வந்தவ சும்மா இருந்தாளா? கட்டில நகத்துனா. திரைச்சீலைய மாத்துனா. கடைய மூடு, எங்கூட ஊருக்கு வந்துரு, இனிமே யாரு உன்கிட்ட வந்து தைக்கப் போறான்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூணு மாசம் பொறுத்தேன். ஒரு நாள் எனக்குத் தலைக்கேறிப்போச்சு. "உனக்குன்னு ஒரு குடும்பம் இருந்திருந்தா, இப்படி அடுத்தவ குடும்பத்துல வந்து உக்காந்து அதிகாரம் பண்ணுவியா?"ன்னு கேட்டுட்டேன்.

கேட்டது நான்தான். வேற யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. அக்கா அப்ப தட்டு துடைச்சுக்கிட்டிருந்தா. அந்தத் தட்ட முழுசாத் துடைச்சா, அடுக்குல வச்சா, துணிய நாலா மடிச்சு வச்சா. சாயங்காலம் பஸ் ஏறிட்டா. அதுக்கப்புறம் போனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ரெண்டு தடவை நம்பர அமுக்கிட்டு, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே வச்சுட்டேன். என்னன்னு சொல்றது?

இப்ப இந்த ஹேஷ்டேக் கதையச் சொல்லணும். அது இல்லேன்னா அக்கா வந்தது உங்களுக்குப் புரியாது.

என் மருமக ஒரு ஆஸ்பத்திரியில ஃபைல் எல்லாம் அடுக்கி வைக்கிற ரூம்ல வேலை பாக்குறா. அவளுக்கு எல்லாத்துலயும் பேர் எழுதி ஒட்டணும். எங்க வீட்டு உப்பு டப்பாவுல "உப்பு"ன்னு இருக்கும், உப்பு கண்ணுக்குத் தெரியுற கண்ணாடி டப்பா அது. என் நெத்தியில "மாமியார்"னு ஒட்டாதது ஒண்ணுதான் பாக்கி. நான் கடையில தச்சதையெல்லாம் படம் எடுத்துப் போடுவேன். பேஸ்புக்ல கொஞ்சம், இன்ஸ்டாவுல கொஞ்சம், யூடியூப்ல துண்டு துண்டா வீடியோ. முதல்ல கிழிஞ்ச பாக்கெட், அடுத்த படத்துல அதையே தச்ச பாக்கெட். யாராவது வந்து "அக்கா, ஒரு லெதர் பேக்குக்கு ஒட்டுப் போட்டீங்களே, அதக் காட்டுங்க"ன்னு கேட்டா போச்சு, மூணு ஆப்புலயும் விரல் தேயத் தேடணும். அதப் பாத்துட்டுத்தான் மருமக சொன்னா, "அத்தை, எல்லாப் படத்துக்கும் ஒரே ஹேஷ்டேக் போடுங்க. உங்களுக்கு மட்டும் சொந்தமான வார்த்தையா இருக்கணும், உலகத்துல வேற யாரும் போட்டிருக்கக் கூடாது. அத அமுக்குனா உங்க வேலை மட்டும் வரிசையா வந்து நிக்கும்."

வார்த்தைக்கு முன்னாடி போடுற அந்த # குறி எனக்குப் பிடிச்சுப்போச்சு. கிழிஞ்ச இடத்துல குறுக்க ரெண்டு, நெடுக்க ரெண்டு நூல் ஓட்டுவோமே, அச்சா அதேதான். அறுபத்தெட்டு வயசாச்சு, எம்பது வயசு ஆளு கூட என்னைய அக்கான்னுதான் கூப்பிடுறார். அதனால "அக்கா ஊசி"ன்னு பேரு வச்சோம். மருமக தேடிப் பாத்து, "யாருமே போடல அத்தை, உங்களுக்கே உங்களுக்கு"ன்னுட்டு வேலைக்குக் கிளம்பிட்டா. நான் ஒண்ணரை வருஷமா விடாமப் போட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை அவ எதையோ தேடி அத அமுக்குனா பாருங்க, "ஐயோ அத்தை!"ன்னு ஒரு கத்தல். நான் ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இடம் விட்டிருக்கேன். இடம் விட்டா அந்த இடத்தோட வெட்டிருமாம். "அக்கா" மட்டும்தான் டேக்காம், ஊசி வெளியில நிக்குதாம். இருநூத்திப் பன்னெண்டு படமும் ஊர் உலகத்து அக்காங்களோட போய்க் கலந்து கிடக்கு. "வார்த்தைக்கு நடுவுல இடம் விட்டுத்தானே எழுதணும்?"னு கேட்டேன். தலையில அடிச்சுக்கிட்டா. அன்னையிலருந்து தினமும் சாப்பாட்டு நேரத்துல பத்துப் பத்தா இடத்த எடுத்து ஒட்டிக்கிட்டு வந்தா.

இப்ப கடைக்கு வாங்க. அக்கா நிக்கிறா, நான் தரையில இருக்கேன். எலக்ட்ரீசியன் ரெண்டு பேர் மூஞ்சியையும் பாத்தார், "அக்கா, நான் அப்புறமா வரேன்"னு குத்துன ஊசியோடயே இறங்கிப் போயிட்டார். மறுநாள் நொண்டிக்கிட்டு வந்தார் பாவம்.

"எந்திரிடி, முட்டி வலிக்கப் போகுது"ன்னா அக்கா.

வாயிலருந்து ஊசிய ஒவ்வொண்ணா எடுத்து, ஊசி குத்தி வைக்கிற குட்டி மெத்தையில குத்துனேன். "எப்படி… எதுக்கு வந்த?"ன்னு கேட்டுட்டேன். ஆறு வருஷம் கழிச்சுக் கேக்குற கேள்வியா அது!

"அதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே. இருநூத்திப் பன்னெண்டு தடவை. நானும் மனுஷிதானே, வந்துட்டேன்."

எனக்கு ஒண்ணும் ஓடல. அவ போன எடுத்துக் கண்ணுக்கு நேரா நீட்டுனா. என் படம், ஒரு பழைய ஜிப். அடியில நீலமா அக்கா. "உனக்குத் தெரியாம போன்ல உன் பக்கத்துக்கு வந்து பாத்துட்டுப் போவேன். இத அமுக்குனா யார் யாரோ அக்காவெல்லாம் வர்றாங்க. கல்யாணப் பொண்ணா ஒரு அக்கா, செத்துப்போன அக்கா, எவனோ அக்காவுக்கு வாங்குன சைக்கிள். எல்லாருக்கும் நடுவுல உன் ஜிப்பு"ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கண்ணாடியக் கழட்டித் துடைச்சா, தட்டு துடைச்ச அதே மாதிரி, நிதானமா.

நான் கூப்பிடவே இல்லையே. தப்பாத் தட்டினதுதானே. சொன்னா அப்படியே திரும்பிப் போயிருவாளோ? சொல்லாம இருந்தா அது பொய்யாகாதா? போன தடவை வாய் நீண்டுதான் அவள அனுப்புச்சேன். இந்தத் தடவை வாய மூடிக்கிட்டு நின்னேன்.

அந்த நேரம் பாத்து மருமக வர்றா! உள்ள வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வருது. "அத்தை, நாப்பது முடிச்சுட்டேன்! இனிமே ஒட்டித்தான் போடணும், சொல்லிட்டேன், நடுவுல இடம் விட்டீங்கன்னா திரும்பவும் வெறும் அக்கான்னு…" அப்பதான் ஸ்டூல் பக்கம் பாத்தா. "பெரியத்தை?"

நான் கண்ணக் காட்டுறேன், தலைய ஆட்டுறேன், ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. எல்லாம் கொட்டியாச்சு.

அக்கா கண்ணாடிய மாட்டிக்கிட்டா. "நீ எதுக்குடி அவளுக்குக் கண்ணக் காட்டுற? எனக்கு என்ன படிக்கத் தெரியாதா? பக்கத்துலயே கறுப்புல ஊசின்னு இருக்கே. நான் நீலமா இருந்தத மட்டும் படிச்சேன்." அப்புறம் சொன்னா, "நாலு நாளாப் பாக்குறேன், ஒவ்வொண்ணா ஊசியும் சேந்து நீலமாகுது. எல்லாம் மாறிப்போச்சுன்னா, அப்புறம் நான் எந்தச் சாக்க வச்சுக்கிட்டு இங்க வர்றது?"

மருமக வாயப் பொத்திக்கிட்டா. அவ அப்படிப் பொத்தி நான் பாத்ததே இல்ல.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது…"

"அது இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். இன்னும் வலிக்குதுதான்"ன்னு பையிலருந்து ஒரு கோட்ட எடுத்து என் கையில குடுத்தா. "அத அப்புறம் பேசுவோம். முதல்ல இந்தப் பாக்கெட்டப் பாரு. சாவி போட்டா நேரா உள்துணிக்குள்ள போயிருது."

மெஷின் முன்னாடி எனக்கு ஒரு சின்ன பெஞ்சு, ஒரு ஆள் தாராளமா உக்காரலாம். அதுல போய் உக்காந்தேன். அக்கா என் தோளத் தட்டி, "தள்ளி உக்காரு, இடம் விடு"ன்னா. தள்ளுனேன். பாதி பெஞ்சுல அவ, பாதியில நான், அவ முழங்கை என் இடுப்புல இடிக்க இடிக்கத் தச்சேன். தையல் கொஞ்சம் கோணிப்போச்சு. "என்ன கோணுது?"ன்னா. "நீ இடிக்கிற"ன்னேன்.

முடிச்சதும் படம் எடுத்தேன். பாக்கெட்டுக்குள்ள அக்கா கை இருக்கு, வெளிய கட்டைவிரல் மட்டும் தெரியுது. அடியில அந்தக் குறியப் போட்டேன், அக்கான்னு அடிச்சேன், நிறுத்திட்டேன். மருமக பின்னாடி நின்னு பாக்குறா. "நாப்பதையும் திருப்பி மாத்திரட்டுமா அத்தை?"ன்னு மெதுவாக் கேட்டா.

நான் பதில் சொல்றதுக்குள்ள அக்கா குனிஞ்சா. "ரெண்டு வார்த்தைக்கு நடுவுல எவ்வளவு இடம் விடணும்னு சின்ன வயசுல உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்?"

"ஒரு விரல்."

பாக்கெட்டுலருந்து கைய எடுத்தா. அவ விரல நீட்டி, போன்ல அந்த இடத்த அவளே விட்டா.