தலைமாட்டுக் கொழுஞ்சி

“யாரைக் கேட்டு உழுதீங்க?”

“உதவின்னா கேட்டுக்கிட்டா செய்வாங்க? மேரி, நீ மொதல்ல—”

“என் கொழுஞ்சி எங்கண்ணே?”

“—ஒரு வாய் தண்ணியக் குடி. வெயில்ல பஸ்ஸு மாறி மாறி வந்திருக்க. கொழுஞ்சி எங்கயும் ஓடிப்போவல. இந்தா, உள்ளதான் கெடக்கு. ஒரு முழ ஆழத்துக்கு மடக்கிப் போட்டிருக்கேன். நெல்லு நட்டீன்னா எப்படி நிக்குதுன்னு பாரு!”

“நெல்லு நடப்போறேன்னு ஒங்ககிட்ட யாரு அழுதா?”

சாந்தி மேரி ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்குப் போய்விட்டு வரதராஜன்பேட்டையில் இறங்கியவள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வயலுக்கு வந்திருந்தாள். ஒரு கையில் பொரிகடலைப் பொட்டலம், இன்னொரு கையில் செருப்பு. வயலில் பச்சை என்று ஒன்றும் இல்லை. காலையில் கிளம்பும்போது முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூவும் பிஞ்சுக் காயுமாக நின்ற கொழுஞ்சி, இப்போது செம்மண்ணில் நறுக்கிப் போட்ட கீரையாகக் கிடந்தது. வரப்பில் பக்கத்து வயல் அய்யாக்கண்ணு தன் டிராக்டரின் மேல் சாய்ந்துகொண்டு, மொய் எழுதிவிட்டுப் பந்திக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

“மாதாகிட்ட மழை கேட்டுட்டு வந்தேன்” என்றாள் மேரி. “அவ டிராக்டர அனுப்பியிருக்கா.”

“எங்க அய்யனாரக் கேட்டிருக்கலாம்ல?”

“அவரு குதிரையிலயே வந்து மிதிச்சிட்டுப் போயிருப்பாரு. பேச வந்துட்டீங்க.”

அய்யாக்கண்ணுவைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பக்கத்தில் கொழுஞ்சி விதைக்கிற எவரும் அதை வளர்ப்பதற்காக விதைப்பதில்லை. பூவெடுத்ததும் மடக்கி உழுது, அழுகவிட்டு, அதன்மேல் நெல் நடுவார்கள். பூத்த கொழுஞ்சியைப் பார்த்தால் அந்த ஊர் ஆண்களுக்குக் கை அரிக்கும். பூ முற்றிக் காய் பிடித்தும் மேரி உழவில்லை என்றால், ஆம்பளை இல்லாத வீடு, டிராக்டருக்குச் சொல்ல ஆளில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவள் திருவிழாவுக்குப் போன நாளாகப் பார்த்து, வந்து பார்த்து மலைக்கட்டும் என்று உழுதுவிட்டார்.

மேரி அதை வேருக்காக வளர்த்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் ஏற்கெனவே அவளுக்கு ‘களைக்குக் களையெடுக்கிறவ’ என்று பெயர். கொழுஞ்சிக்கு நடுவே முளைத்த கோரையைப் பிடுங்க அவள் குனியும்போதெல்லாம், போகிறவர்கள் நின்று, “எதம்மா பயிரு, எதம்மா களை?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். முதல் வருடம் விதையை வெறுமனே தண்ணீரில் ஊறப்போட்டு விதைத்தாள். கல் மாதிரி கிடந்தது, பாதிகூட முளைக்கவில்லை. மறுமுறை ஆற்றுமணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டு, தோல் தேயும்வரை காலால் தேய்த்து விதைத்தாள். முளைத்தது. ஆடு வாய் வைக்காது, மாடு மோந்துகூடப் பார்க்காது, தண்ணீர் கேட்காது. உழாமல் விட்டால் வருடம் போகப்போக வேர் தடிக்கும். இவ்வளவு அடக்கமான ஜீவன் தன் குடும்பத்தில் யாருமில்லை என்று மேரி அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

“இப்ப என்ன கெட்டுப்போச்சு? அடுத்த வருசம் விதைச்சுக்க.”

“அடுத்த வருசம் இங்க ப்ளாட்டுக் கல்லு நட்டிருக்கும். அதுக்குத் தண்ணி ஊத்தட்டுமா?”

அப்போதுதான் அவருக்குச் சொன்னாள். மகன் மரிய ஆல்பர்ட் திருச்சியிலிருந்து ஒரு வருடமாக நச்சரிக்கிறான். நிலத்தை மனை போட விற்றுவிட்டு, அம்மா தன்னோடு வந்து ஃப்ளாட்டில் இருக்க வேண்டுமாம். கடைசியில் ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டிருந்தான். “ஒன் களைய ஒருத்தராவது தேடி வந்து வாங்குறேன்னு சொன்னா, நான் நிலத்துப் பேச்சே எடுக்க மாட்டேன்.” பெரம்பலூரில் சித்த மருந்து செய்கிற கண்ணகி என்ற வைத்தியர், ஈரல் மருந்துக்குத் தடித்த கொழுஞ்சி வேர் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நாளைக் காலையில் வயலைப் பார்க்க வருகிறார். மகனும் வருகிறான்.

“ஃப்ளாட்டுல லிப்டு இருக்கும்ல?” என்றார் அய்யாக்கண்ணு.

“இருக்கும். டீவி ரிமோட்டு மருமக கையில இருக்கும். இந்த மண்ணு இருக்குற வரைக்கும்தாண்ணே நான் வூட்டுக்காரி. வித்துட்டா மருமக வூட்டு விருந்தாளி. மூணாம் நாளு விருந்தாளிக்கு என்ன சோறு போடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க வூட்டுல மொத நாளே அந்தச் சோறுதான்.”

ஊரிலேயே கெட்டிக் கை அய்யாக்கண்ணுவுடையது. அவர் வீட்டு டீயில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், முதலில் டீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். அந்தக் குத்தை அவர் கண்டுகொள்ளவில்லை. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்.

“சரி, தப்பு என்னோடது. அந்தம்மாவுக்கு என்ன காட்டணும்?”

“செடியோட சேத்து முழு வேரு. அறுபடாம.”

“உழாத எடத்துல கொழுஞ்சி எங்க இருக்கும்?”

இருவரும் ஊரை மனத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வரப்பெல்லாம் வெட்டியாயிற்று. ரோட்டோரம் நூறு நாள் வேலைக்காரர்கள் செதுக்கியாயிற்று. மேரி பொரிகடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

“இருக்கு. எங்க மாமியா தலைமாட்டுல.”

“எந்தக் கட்டிலு?”

“கல்லறையிலண்ணே!”

பொழுது சாயுமுன் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அய்யாக்கண்ணு கடப்பாறையை உள்ளே நீட்டிவிட்டுச் சுவருக்கு வெளியே நின்றுகொண்டார்.

“உள்ள வாங்க.”

“எங்க சாமிக்கே நான் பதில் சொல்லி முடிக்கல. ஒங்க சாமியையும் எதுக்குப் பகைச்சுக்கணும்? நீ தோண்டு, நான் யாரு வராங்கன்னு பாக்குறேன்.”

மாமியார் சூசையம்மாளின் சிமெண்டுச் சிலுவைக்குப் பின்னால், மேடையை ஒட்டி அந்தக் கொழுஞ்சி புதராக நின்றது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மேரி சுற்றியுள்ள புல்லையெல்லாம் செதுக்குவாள். அதை மட்டும் விட்டுவிடுவாள். பாசத்தினால் அல்ல. அதுவே பூப்பதால் பூமாலைச் செலவு மிச்சம்.

“ஓரமாத்தான் தோண்டுறேன் அத்தை” என்றாள். “ஒங்க மேல படாது. பட்டாலும் நான் ஒங்ககிட்ட பட்டதுக்குச் சரியாப் போவும்.”

“என்ன சொல்லுது கெழவி?” வெளியிலிருந்து குரல்.

“வாயத் தொறக்கல. அதிசயந்தான்.”

“மரியாதையாப் பேசு, மேரி. எறந்தவங்க.”

“எறந்தவங்க இருந்தப்ப நீங்க மருமகளா இருந்து பாத்திருக்கணும். முருங்கக்கா கேட்டா மரம் தூங்குதும்பாங்க. உசுரோட இருக்கையில ஒரு வெத்தலக் காம்பு குடுத்ததில்ல. இப்ப பாருங்க, ஆணிவேரையே குடுக்குறாங்க.”

வேர் லேசில் வரவில்லை. மாமியாரே கீழே பிடித்துக்கொண்டிருப்பதாக மேரி சத்தியம் செய்தாள். கடைசியில் மண்ணை நெகிழ்த்தி, நெகிழ்த்தி, கைநீளத்துக்கு ஒரு வேர் வந்தது; கட்டைவிரலைவிடத் தடிமன். அவள் குழியை மூடி, மிதித்து, சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அய்யாக்கண்ணு வேரைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே கும்பிட்டார்.

மறுநாள் காலை மரிய ஆல்பர்ட் வந்தபோது சட்டைப் பையில் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. மனை போடுகிறவர். கண்ணகி தன் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். மேரி வீட்டு வாசலிலேயே வேரை எடுத்து நீட்டினாள். கண்ணகி தோலை நகத்தால் சுரண்டி, முகர்ந்து, ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். முகம் கசப்பில் சுருங்கியது, பிறகு மலர்ந்தது.

“அம்மா, இது என்னா வேரு! எத்தனை வருசத்துச் செடி? வாங்க, வயலைப் பாப்போம்.”

திண்ணையோரம் நின்ற அய்யாக்கண்ணுவுக்கு இருமல் வந்தது.

வயலில் நின்று மரிய ஆல்பர்ட் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தான்.

“என்னம்மா இது, மொட்டையா இருக்கு?”

“நாந்தான் தம்பி” என்றார் அய்யாக்கண்ணு. “தெரியாம உழுதுட்டேன். நல்லதுன்னு நெனச்சு…”

“அப்ப ஒண்ணுமே இல்ல. வைத்தியரம்மாவ வீணா அலைய வச்சிட்டோம்.” அவன் செல்போனை எடுத்தான். குரலில் வருத்தமும் இல்லாமல் இல்லை. நிம்மதி அதைவிடக் கூட. “நான் அவர வரச் சொல்லிடுறேம்மா.”

“கொஞ்சம் பொறுங்க” என்றார் கண்ணகி. “ஐயா, எவ்வளவு ஆழம் உழுதீங்க? ஆழமா உழுதிருந்தா எல்லாம் அறுந்திருக்கும். மேலாக்க உழுதிருந்தா அடிவேரு தப்பிச்சிருக்கும். அதுலேர்ந்து திரும்பத் துளுக்கும்.”

எல்லோரும் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்கள். நேற்று அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார், மேரி வயலை ஒரு முழ ஆழத்துக்கு உழுது கொடுத்தேன் என்று. டீக்கடையிலும் சொல்லியாயிற்று.

“ஆழமாத்தான்…” என்றார்.

“எவ்வளவு?”

“ஆழமான்னா… ஒரு மாதிரி ஆழம்.”

“அண்ணே” என்றாள் மேரி. “நேத்து எத்தனை லிட்டரு டீசலு போட்டீங்க?”

“அது இப்ப எதுக்கு?”

“என் வயலு போவப்போவுது. ஒங்க மானத்த அப்பறம் பாத்துக்கலாம். சொல்லுங்க.”

அவர் தன் செருப்பைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். செருப்பிடமே சொன்னார்:

“டீசலு விக்கிற வெலைக்கு எவன் ஆழமா உழுவான்? ரோட்டவேட்டர் கலப்பையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டினேன். நாலு விரக்கடை இருக்கும். நடுவயலுல அதுவும் இருக்காது.”

மேரி வாய்விட்டுச் சிரித்தாள். “எங்க மாதா பெரியவண்ணே! கருமியப் பாத்து அனுப்பியிருக்கா!”

கண்ணகி அதற்குள் மண்ணில் உட்கார்ந்து கையால் கிளறத் தொடங்கியிருந்தார். மேல்மண்ணை விலக்கியதும் வேர்க் கட்டை ஒன்று தெரிந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. சுரண்டினார், உள்ளே ஈரம். பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று.

“உசுரு இருக்கு. மழை விழுந்தா துளுத்துரும். முன்ன உதிர்ந்து கெடக்குற விதையும் முளைக்கும். அடுத்த ஆவணியில நான் எடுத்துக்கறேன்மா. அதுவரைக்கும் யாரையும் உழ வுடாதீங்க.”

செல்போன் மறுபடி அடித்தது. மரிய ஆல்பர்ட் அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. நாலு கோரையைக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்து, “இப்ப இல்ல சார். அம்மா குடுக்கல” என்று சொல்லி அணைத்தான். மேரி பிடுங்கிய கோரையை வரப்பில் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள். நிமிரும்போது ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள்.

கண்ணகி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“ஆனா ஒண்ணு. காலையில காட்டுனீங்களே, அந்த மாதிரி முத்துன வேரு இன்னும் ரெண்டு மூணு இருந்தா இப்பவே தேவைப்படுது. அது எந்த மூலையில எடுத்தது?”

மேரி நேற்று வரப்பில் விட்டுப்போன பொட்டலத்தை எடுத்து, பொரிகடலை மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாள்.

“எங்க குடும்பத்து எடந்தான்” என்றாள். “மாமியா பேருல இருக்கு.”

“பாட்டி பேருல ஏதும்மா நெலம்?” என்றான் மரிய ஆல்பர்ட்.

மேரி கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். அய்யாக்கண்ணு ஏதோ கணக்குப் போட்டவராக மேரியின் பக்கம் ஒதுங்கி வந்தார். செய்த தப்புக்கு முழுசாக ஈடு கட்டிவிடும் ஆசை முகத்தில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவர் தாழ்த்தினால் அடுத்த வயல் வரைக்கும்தான் கேட்கும்.

“ஏன் மேரி, ஒன் மாமனாரு எந்த வரிசையில படுத்திருக்காரு?”