பலமான கூரை

நெட்டை கூரையைத் தூக்கினான். கூரையோடு வீடே எழும்பி வந்தது.

பொம்மைச் செங்கற்களை வைத்து மாதக்கணக்கில் வீடும் பாலமும் கட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. தச்சரின் மகளும் நெட்டையும் அதில் கூட்டாளிகள். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். அங்கே நிற்க முடியாமல் அவள் அறைக்குள் வந்தவன், மேசைமேல் அவள் கடைசியாகக் கட்டிய வீட்டைப் பார்த்ததும் கைவைத்துவிட்டான்.

"அங்கிள், கூரை ஏன் வரமாட்டேங்குது?"

"ஒட்டிட்டேன்ல," என்றார் தச்சர். "சும்மா மேல வச்சிருந்தா. லேசா இடிச்சாலே விழுந்துடும். அவ ஆஸ்பத்திரில இருந்தப்ப சுவரு, கூரை ஒண்ணு விடாம ஒட்டினேன்."

நாற்பது வருஷமாக மரத்தோடு மல்லுக்கட்டியவர். விருந்துக்குப் போன வீட்டிலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஆடுகிற மூட்டைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. மருத்துவர்கள் கைவிரித்த வாரம் அது. மகளுக்கென்று செய்ய அவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

நெட்டை வீட்டைக் கீழே வைத்தான்.

"அது கழண்டு வரணும் அங்கிள். அந்தச் சரிவுக்குச் செங்கல் மேல இருக்கிற குமிழ் எதுவும் மாட்டாது. அதான் கூரை ஓடுகளையெல்லாம் பக்கவாட்டுல திருப்பிக் கட்டி, அதோட எடையிலயே உக்கார வச்சா. மூணு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டா. கடைசியா தெறந்து உள்ள ஒண்ணு வைக்கணும்னு..." பாதியில் நிறுத்தினான். "என்ன பசை?"

"பிளாஸ்டிக் பசைதான்."

உருக்கிச் சேர்க்கிற பசை. இனி பிரிக்க முடியாது. அது தச்சருக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மகள், நேற்று மத்தியானம் அந்தப் பொம்மை வீட்டைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கூரையைப் பிடித்து இழுத்தாள். விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தாள். உறுதியைச் சோதிக்கிறாள் என்று நினைத்தார், பாவி மனிதர். "எப்படி, அப்பா வேலை?" என்று பெருமையாக வேறு கேட்டார்.

அவள் கூரையிலிருந்து கையை எடுத்தாள்.

"ரொம்பப் பலம்பா," என்றாள்.

இன்று காலை போய்விட்டாள்.

திட்டியிருக்கலாமே, என்ன காரியம் பண்ணினீங்க என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமே என்று தச்சருக்குத் தோன்றியது. சாகிற நேரத்திலும் அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மனைவி அறைக்குள் வந்தாள்.

"துணி மாத்துறப்ப அவ சட்டைப் பையில இருந்துச்சுங்க. என்னன்னு தெரியல."

கட்டைவிரல் அளவில், பொம்மைத் துண்டுகளால் கட்டிய ஒரு தச்சு மேசை. அதன்மேல் சின்னதாக ஓர் இழைப்புளி. ஓரத்தில் மரத்தை இறுக்குகிற பிடி. தொட்டால் நிஜமாகவே சுழன்றது.

"மாடி ரூம் உங்க பட்டறையாம் அங்கிள்," என்றான் நெட்டை, அவரைப் பார்க்காமல்.

தச்சர் குனிந்து அந்தக் குட்டி மேசையைப் பொம்மை வீட்டின் மாடி ஜன்னல் வழியே விட்டுப் பார்த்தார். அதன் கால் இடித்தது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்.

"எடுக்கப் போறாங்க. வாங்க," என்றாள் மனைவி.

"இதோ," என்றவர், மேசையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி ஜன்னலில் வைத்தார்.