விளிம்பு பிடிப்பவர்

சென்னியப்பனின் இதயம் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு துடிப்பைத் தொடங்கியது. அது முடியப் பதினோரு நாள் ஆகும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"பதினோரு நாளுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"கரண்டு போகாம இருந்தா," என்றாள் சுகிர்தா.

சுகிர்தா இன்ஜினியர். ஆளுடைய இதய வால்வை அப்படியே கம்ப்யூட்டருக்குள் செய்து, அது எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது, எந்த இடம் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு துடிப்பைப் பத்தாயிரம் துண்டாக நறுக்குவாள். துண்டுக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேலேயே கம்ப்யூட்டர் யோசிக்கும். அது யோசித்து முடிக்கிறவரை ஆளுடைய இதயம் முந்திக்கொண்டு ஓடக் கூடாது. நியாயம்தானே? கணக்கு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் போனால் யாருக்கு என்ன பிரயோஜனம்!

ஆக, பாதி திறந்த வால்வோடு சென்னியப்பன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். வலி ஒன்றும் இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்து வராமல் நிற்குமே, அந்த மாதிரி இருந்தது.

அவர் காரமடைப் பக்கம் பம்ப்செட் மெக்கானிக். கிணற்றுக்குள் கிடக்கிற ஃபுட் வால்வை அவர் கழட்டி மாட்டாத தோட்டம் அங்கே கிடையாது. இப்போது அவருடைய வால்வே ஒழுகுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் 'ஓடும்' என்று பேப்பர் கொடுத்தால் வீட்டுக்குப் போகலாம். கொடுக்காவிட்டால் நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும். சென்னியப்பனுக்குப் பயம். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சுகிர்தா ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. 'விளிம்பு பிடிப்பவர்.'

"விளிம்பை யாராச்சும் பிடிச்சுக்கணும். இல்லாட்டி வால்வு ரத்தத்தோட மிதந்து போயிரும்."

"கம்ப்யூட்டர் பிடிக்காதுங்களா அம்மணி?"

"அது கணக்குப் போடும். பிடிக்காது."

"இங்க குடுங்க," என்று கையெழுத்துப் போட்டாள் மாராத்தாள். சென்னியப்பனின் சம்சாரம். முப்பத்தொரு வருசமாகக் கூட இருப்பவள். எதையும் இரண்டு தரம் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வளையல் அகலத்தில் வெள்ளையாக ஒரு வளையத்தை அவள் கையில் கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் சென்னியப்பனின் விளிம்பு.

"மேல கீழ, முன்ன பின்ன, எந்தப் பக்கமும் ஒரு நூல்கூட நகரக் கூடாதுங்கம்மா," என்றாள் சுகிர்தா.

"திருப்பலாங்களா?"

"திருப்பவும் கூடாது."

மாராத்தாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

அவளுக்குத் தாகம் எடுத்தபோது சென்னியப்பன் எழுந்தார். ஏனென்றால் அவள் எழ முடியாது. இந்த முப்பத்தொரு வருசத்தில் அவர் தன் கையால் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டது கிடையாது. மகாராஜா! வராந்தாக் கோடியில் குழாய். நடுவே பன்னிரண்டு டைல்ஸ். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு அடி வைத்துத்தான் போக வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. பன்னிரண்டு அடி வைத்துப் போய்க் கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் இருபத்திநாலு டைல்ஸ் இருந்தது.

"கட்டம் பொடிசாப் போச்சுங்களே அம்மணி?"

"பெரிய கட்டத்துல கணக்குத் துல்லியமா வராதுங்க ஐயா. தினமும் பாதியாக்கிட்டே போவோம்."

எட்டாம் நாள் டைல்ஸ் ஒவ்வொன்றும் கடலைப்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. காலை டிபன் முடித்துக் கிளம்பினால் மத்தியானம்தான் குழாயைத் தொடலாம். சென்னியப்பன் கட்டைவிரலை ஊன்றி ஊன்றிப் போனார். ஒரு கட்டமும் விடவில்லை. வந்து அவள் வாயில் தண்ணீர் ஊற்றினார். தயிர்ச்சோற்றை உருட்டி ஊட்டினார். முதல் உருண்டை மூக்கில் போயிற்று.

"கிணத்துக்குள்ள வால்வு மாட்டறீங்களாக்கும்?" என்றாள் மாராத்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். துடிப்பு நடுவில் சிரித்தால் அழுத்தம் மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

"கை வலிக்குதா புள்ள?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

இதே பதிலை அவள் முப்பத்தொரு வருசமாகச் சொல்லிவந்திருக்கிறாள். அவரும் நம்பித்தான் வந்திருக்கிறார்.

பதினோரு நாள் முடிந்து, சனிக்கிழமை பத்தேகாலுக்குத் துடிப்பு முடிந்தது. லொடக் என்று சத்தம் கேட்டது. மாராத்தாளுக்கும் கேட்டது.

சுகிர்தா ஓடிவந்து இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். மாராத்தாள் வளையத்தை விடாமலே எழுந்து போனாள். திரையில் வால்வு பூ மாதிரி விரிந்து மூடியது. மூன்று இதழ்.

"நீலம்னா பாரம் கம்மி. சிவப்புன்னா ஜாஸ்தி. உங்க இதழ் மூணும் நீலமா இருக்குங்க ஐயா. நல்லாவே தாங்குது."

"அப்ப அந்த ஓரத்துல?" என்றார் சென்னியப்பன்.

விளிம்பைச் சுற்றி ரத்தச் சிவப்பாக எட்டு விரல் தடம் இருந்தது. அடியில் இரண்டு கட்டைவிரல். அந்தச் சிவப்புக்கு முன்னால் கண் கூசியது.

"அதைக் கண்டுக்காதீங்க. பிடிச்சிருக்கிற இடத்துல பாரம் அப்படித்தான் ஏறும். நாங்க அதைக் கணக்குல எடுக்கறதில்ல. படத்துல வெட்டிருவோம்."

வெட்டினாள். வால்வு முழுக்க நீலமாகிவிட்டது.

சென்னியப்பன் மாராத்தாளின் கையைப் பார்த்தார். அவள் வளையத்தோடு கையை முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"அப்பப் பேப்பரைக் குடுங்க, போறோம்," என்றாள் அவள்.

"இன்னும் ரெண்டு துடிப்பு இருக்குங்கம்மா. முதல் துடிப்பு தாறுமாறா இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுருவோம். மூணாவதைத்தான் எடுத்துக்குவோம். இருபத்திரண்டு நாள்." சுகிர்தாவுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விளிம்பு பிடிக்க ஆள்..."

"நானேதான்," என்றாள் மாராத்தாள்.

"வேண்டாம்," என்றார் சென்னியப்பன்.

"ஏனுங்க, நெஞ்சைப் பொளந்துருவாங்க!"

"பொளக்கட்டும். நீ விடு புள்ள." அவர் சுகிர்தா பக்கம் திரும்பினார். "அம்மணி, எங்க தொழில்ல ஒரு வழக்கம். கழட்டின சாமானை வீட்டுக்காரங்க கையில குடுத்துட்டுத்தான் வருவோம். தேஞ்ச வாசரா இருந்தாலும். நீங்க தூக்கிப் போடற துடிப்பைக் குடுங்க. வெட்டிப் போட்ட ஓரத்தையும் குடுங்க."

"பேப்பர் இல்லாமப் போனா, அடுத்த துடிப்புக்கு நாங்க பொறுப்பில்லைங்க ஐயா."

"இதுவரைக்கும் யாருங்க அம்மணி பொறுப்பு?"

சுகிர்தா கழிவு ரிஜிஸ்டரை எடுத்து, 'வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதினாள். துடிப்பையும் ஓரத்தையும் பழைய தினத்தாளில் மடித்துக் கொடுத்தாள். தன் தலைவலித் தைலத்தையும் பையிலிருந்து எடுத்துப் பொட்டலத்தோடு வைத்தாள். கைக்குத் தடவச் சொன்னாள்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாராத்தாள் இன்னும் வளையத்தை விடவில்லை. சென்னியப்பன் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துருப்பிடித்த நட்டைக் கழட்டுகிற பக்குவத்தில், நிதானமாகப் பிரித்தார். பத்து விரலும் மடங்கியே இருந்தன. தைலத்தைத் தடவி, தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். நகரவிடவில்லை.

வளையம் அவள் மடியில் சும்மா கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது இரண்டாவது துடிப்பு தொடங்கியது. தொடங்கியதும் முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் மாராத்தாள்.

"அவ்வளவுதானாட்ட இருக்குது."

மூன்றாவது வந்தது. நாலாவதும் வந்தது. அதற்குமேல் அவர்கள் எண்ணவில்லை.

"கை வலிக்குதா புள்ள?"

"வலிக்குதுங்க," என்றாள் மாராத்தாள். "ரொம்ப வலிக்குது."