மூன்றாம் நாள் ஜெபம்

இடது கன்னத்தை மழித்து முடித்து, ரேசரைக் கிண்ணத்து நீரில் அலசிவிட்டு இரினி வலது பக்கம் நகர்ந்தபோதுதான் அவள் கணவன் வஹீப் அதைக் கேட்டான்.

“இரினி, நீயும் அங்க வருவேல்ல?”

“எங்க?”

அவன் கண்ணால் கூரையைக் காட்டினான். கல்லீரல் கெட்டதிலிருந்து அந்தக் கண்கள் பழுத்த எலுமிச்சை நிறத்தில் இருந்தன. வயிறு போர்வைக்கு அடியில் மேடிட்டிருந்தது. மதியம் எண்ணெய் பூசி ஜெபிக்கக் கோயில் பாதிரியாரான அபூனா வருகிறார், தாடியோடு அவர்முன் படுத்திருக்க மாட்டேன் என்று காலையிலிருந்து அடம்பிடித்து இந்தச் சவரம்.

“பேசாத. கிழிச்சிடும்” என்றாள்.

ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. அவன் காத்திருந்தான். ரேசர் தாடையிலிருந்து விலகியதும் மறுபடி கேட்டான்.

“வருவியா?”

“கிறிஸ்துவுக்குள்ள மரிச்சவங்க எல்லாரும் எழுந்திருப்பாங்க, வஹீப். கொரிந்தியருக்குப் பவுல் எழுதினதுல தெளிவா இருக்கு. முதல்ல அழிவுள்ளதா விதைக்கப்படுது, அப்புறம்…”

“பவுலை விடு. நான் உன்னைக் கேட்டேன்.”

இரினி ரேசரில் ஒட்டியிருந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முனை திரும்பிய பிறகு ரேசரைக் கிண்ணத்தில் அலசினாள்.

“நான் கோயில்ல ஒரு பிரசங்கம் முழுசாக் கேட்டிருப்பேனா?” என்றான் வஹீப். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். “உக்காந்ததும் தூங்கிடுவேன். நோன்புல திருட்டுத்தனமா பாலாடைக்கட்டி தின்னுருக்கேன், உனக்கே தெரியும். ஆனா பயந்ததில்ல. ஏன் சொல்லு? பரீட்சையில பக்கத்து பெஞ்சுல நல்லாப் படிக்கிற பொண்ணு உக்காந்திருந்தா ஒரு தைரியம் இருக்குமில்ல, அந்தத் தைரியம்தான். கடைசி நேரத்துல எட்டிப் பாத்து எழுதிக்கலாம்னு இருந்துட்டேன்.”

“வஹீப்.”

“இப்ப எட்டிப் பாக்கிறேன், டீச்சரம்மா. காகிதத்தை மறைக்கிறியே.”

அவள் முகத்தில் என்ன கண்டானோ, சட்டென்று விளையாட்டை நிறுத்தினான். எலும்பாகிப்போன கையை எடுத்து அவள் மணிக்கட்டின்மேல் வைத்தான்.

“சரி விடு. நான் முதல்ல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

மீதிக் கன்னத்தையும் மழித்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். சோம்பு கொதிக்கவைத்த நீர் வேண்டும் என்றான். அவள் அடுக்களையில் அது பொங்கி வருவதற்காக நின்றிருந்தபோது, அறையில் உட்கார்ந்திருந்த அவன் அக்கா இன்ஸாஃபின் அலறல் கேட்டது. அபூனா வந்தபோது எண்ணெய்ச் சிமிழைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

*

இரினி அரசுப் பள்ளியில் கிறிஸ்தவப் பாடம் நடத்துகிறவள். மற்றப் பிள்ளைகள் வகுப்பறையில் தங்கள் மதப் பாடம் படிக்கும் நேரத்தில், கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அறிவியல் கூடத்துக்குப் போவாள். கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவே உட்காரவைத்து ஆதியிலிருந்து அந்தம்வரை சொல்லிக்கொடுப்பாள். பதினைந்து வயதில் மறைமாவட்ட வேதாகமப் போட்டியில் மின்யா மாகாணம் முழுவதற்கும் முதலாவதாக வந்தவள். ஞாயிறு மாலைகளில் இளைஞர்கள் குறுக்குக் கேள்வி கேட்டால், பாதிரியார்களே “இரினி டீச்சர்கிட்டப் போங்க” என்று அனுப்பிவிடுவார்கள். எந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. அதிகாரம், வசனம், சபைப் பிதாக்கள் சொன்ன விளக்கம், எல்லாம் நாக்கு நுனியில்.

சந்தேகம் என்பது அவளுக்கு வந்ததே இல்லை. அதைத் தன் பெருமையாக நினைத்திருந்தாள். சந்தேகம் வருவதற்கும் அந்த இடத்தில் முதலில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது, கையில் ரேசரோடு நின்ற அந்தக் காலையில்தான் தெரிந்தது.

அன்று மாலையே நடந்த அடக்கத்தில் கோயில் நிறைந்துவிட்டது. வஹீப் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். அவன் கை படாத ஐஸ்பெட்டி அந்த வட்டாரத்தில் குறைவு. மசூதித் தெரு கசாப்புக்காரரும் மீன்காரர்களும்கூட வந்து பின்வரிசையில் நின்றார்கள். பெண்கள் ஒவ்வொருவராக இரினியைக் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

“உங்களுக்கு நாங்க என்னத்த ஆறுதல் சொல்றது டீச்சர். எங்களுக்கே நீங்கதான சொல்வீங்க.”

இரினி தலையை ஆட்டினாள். மற்ற விதவைகளுக்குக் கிடைத்த நாலு வார்த்தை அவளுக்கு யாரிடமிருந்தும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியதும் இன்ஸாஃப் விளக்குமாற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒளித்தாள்.

“மூணாம் நாள் ஜெபம் முடியிறவரைக்கும் யாரும் பெருக்கக் கூடாது. தம்பி இங்கதான் சுத்திக்கிட்டிருப்பான். அபூனா வந்து தண்ணி தெளிச்சு வழியனுப்பினாத்தான் போவான்.”

ஒரு தட்டில் ரொட்டியும் ஒரு தம்ளர் நீரும் அவன் அறை ஜன்னலில் வைத்தாள். வேறு சமயமாக இருந்தால் இரினி விட்டிருக்க மாட்டாள். ஒவ்வொரு வருடமும் அறிவியல் கூடத்தில் இதைத்தான் அடித்துச் சொல்வாள்: ஆவி வீட்டில் தங்குவதில்லை, அந்த ஜெபம் வீட்டில் இருப்பவர்களின் ஆறுதலுக்கு, மற்றது பாமரர் கட்டிவிட்ட கதை.

இப்போது தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

“ரொட்டி காஞ்சு போச்சே அக்கா. அவருக்குப் பல்லு வலி இருந்துச்சு” என்றாள்.

இன்ஸாஃப் திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி தன்னைக் கேலி செய்கிறாளோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டது போலிருந்தது. பிறகு போய் மெத்தென்ற ரொட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த நாள் முழுவதும் இரினி அந்த அறையிலேயே இருந்தாள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடந்த நாற்காலியை எடுத்துத் தள்ளிப் போட்டாள். அந்த வயிற்றோடு அவனால் அங்கே நுழைய முடியாது. போட்டபிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஆனாலும் நாற்காலியைத் திரும்ப வைக்கவில்லை. பகலெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாயில் நீர் சொட்டியது. மாடியில் யாரோ கம்பளம் தட்டினார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சொன்னவன் இந்த வீட்டுக்குத்தானே வந்து சொல்வான்.

*

மூன்றாம் நாள் காலை அபூனா கரஸ் தூபக்கலசத்தோடு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். இதே இரினியிடம் குடுவைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தவர். தாடி இன்னும் முழுதாக அடரவில்லை.

இரினி வாசல் நிலையில் கை வைத்து நின்றாள்.

“அபூனா, நாளைக்கு வாங்களேன்.”

“உடம்பு சரியில்லையா, டீச்சர்?”

“அதெல்லாம் இல்ல. நாளைக்கு வாங்க. இல்லேன்னா அடுத்த வாரம்.”

உள்ளிருந்து இன்ஸாஃப் ஓடிவந்தாள். “என்ன பேச்சு இது? மூணாம் நாள் ஜெபத்தை அடுத்த வாரம் யாராவது வைப்பாங்களா? அவன் நிம்மதியாப் போக வேண்டாமா? நீங்க உள்ள வாங்க அபூனா, அவ துக்கத்துல பேசுறா.”

கரஸ் உள்ளே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கலசத்தைக் காலடியில் வைத்தார். இன்ஸாஃப் சர்க்கரை இல்லாத துக்கக் காபியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, லேசாகச் சிரிக்க முயன்றார்.

“நீங்கதான டீச்சர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க, இந்த ஜெபம் ஆவியை அனுப்புறதுக்கு இல்லன்னு. பரீட்சையிலயே வந்துச்சு. நான் தப்பா எழுதி மார்க் போச்சு.”

“தெரியும் அபூனா.”

“அப்புறம் ஏன்?”

“தெரியும்” என்றாள் இரினி. “அவ்வளவுதான் அபூனா. எனக்குத் தெரியும், அதோட சரி.”

கரஸின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். அவள் நின்றபடியே, அவருடைய முகத்தைப் பார்க்காமல், சவரம் செய்ததைச் சொன்னாள். அவன் கேட்டதைச் சொன்னாள். பவுலைச் சொன்னதையும் சொன்னாள்.

“முப்பது வருஷம் என்னை நம்பி இருந்திருக்காரு அபூனா. எட்டிப் பாத்தா என் காகிதத்துல ஒண்ணுமே இல்ல. அதையும் கண்டுபிடிச்சுட்டாரு. கண்டுபிடிச்சு, எனக்காக வருத்தப்பட்டுட்டுப் போயிட்டாரு.”

இன்ஸாஃப் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்லியிருக்கணும்னு நினைக்கிறீங்க?” என்றார் கரஸ்.

“வருவேன்னு.”

“வருவீங்களா?”

இரினி நிமிர்ந்து பார்த்தாள். அவர் கேட்டுவிட்டுத் தாமே பயந்துபோனது போலிருந்தார். ஆனால் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வசனம் எதுவும் சொல்லவுமில்லை.

“தெரியல” என்றாள் கடைசியில். “போகணும்னு இருக்கு. அவர் அங்க இருக்கணும்னு இருக்கு. அப்படி ஒரு இடம் இருந்தே ஆகணும்னு இருக்கு. இத்தனை வருஷம் அதைப் பத்திப் பேசியிருக்கேன். ஒரு நாள்கூட இப்படி இருந்ததில்ல அபூனா.”

கரஸின் காபி ஆறிப்போயிருந்தது. இன்ஸாஃப் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன் சின்னப் பையனா இருக்கும்போதே அப்படித்தான்” என்றாள். “எங்க போனாலும் கூட யாராச்சும் வரணும் அவனுக்கு. தனியா ஆத்துக்குக் குளிக்கக்கூடப் போக மாட்டான்.”

இரினி நிலையிலிருந்து நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். இன்ஸாஃப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரினி கரஸைப் பார்த்துச் சொன்னாள்:

“ஆரம்பிங்க அபூனா.”

கரஸ் எழுந்து, “அக்கா, கொஞ்சம் கங்கு வேணும்” என்று கலசத்தை இன்ஸாஃபிடம் நீட்டினார்.

ஜெபம் நீளமானதல்ல. அவர் நீரை மந்திரித்தார், நற்செய்தி வாசித்தார். மறுமொழி சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் இன்ஸாஃப் பழக்கத்தில் இரினியை எதிர்பார்த்து நிறுத்தினாள். கோயிலில் பெண்கள் பக்கம் முதல் குரல் எப்போதும் அவளுடையதுதான். இன்று அந்தக் குரல் எழவில்லை. விசுவாச அறிக்கை தொடங்கியபோதும் அவள் உதடுகள் மூடியே இருந்தன. வரிக்கு வரி வார்த்தைகள் தாமாகத் தொண்டைவரை வந்து நின்றன. ஒவ்வொன்றையும் பிடித்து நிறுத்தினாள். இன்ஸாஃபே ஸ்ருதி விலகி, சில சொற்களை விழுங்கி, அபூனாவோடு தட்டுத்தடுமாறிப் போனாள். விசுவாசிக்கிறோம், விசுவாசிக்கிறோம் என்று வந்துகொண்டிருந்த அறிக்கை, முடிவுக்கு வரும்போது மரித்தோர் எழுவதற்காகக் காத்திருக்கிறோம் என்று மாறும். இது ஏன் மாறுகிறது என்று எத்தனையோ தேர்வில் கேள்வியாகக் கொடுத்திருக்கிறாள்.

காத்திருக்கிறோம் என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சொன்னாள். கரஸ் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

அறை அறையாகத் தூபம் காட்டினார். நீரை அள்ளித் தெளித்தார். வஹீபின் அறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். போகும்போது வாசலில் திரும்பித் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் படியிறங்கினார்.

இன்ஸாஃப் ஜன்னல்களைத் திறந்தாள். விளக்குமாற்றை வெளியே எடுத்து அடுக்களையிலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.

இரினி அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தலையணையில் நீர்த்துளிகள் இன்னும் காயவில்லை. வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாலு வயதில் கற்றுக்கொண்ட ஜெபத்தைத் தொடங்கினாள்.

“எங்கள் பிதாவே” என்றாள்.

அடுத்த வரி தயாராக இருந்தது. அதற்குள் போகாமல் அங்கேயே நின்றாள்; தெரியாத வீட்டு வாசலில் கூப்பிட்டுவிட்டு, உள்ளே ஆள் நடமாட்டம் கேட்கிறதா என்று நிற்பவளைப்போல.

“இரினி, யார்கிட்டப் பேசுற?” என்று பெருக்குவதை நிறுத்திவிட்டு இன்ஸாஃப் கூடத்திலிருந்து கேட்டாள்.

இரினி திரும்பவில்லை. சத்தம் போட வேண்டாம் என்பதுபோல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.