சும்மா ஒரு சிறுநீரகம்

என் மனைவி நீலாவதி தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கீழ்வீட்டுக் கீதாஞ்சலிக்குத் தரப்போகிறேன் என்றபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். கீதாஞ்சலி எங்களுக்குச் சொந்தமில்லை, சாதிசனமில்லை. வங்காளத்தில், பெஹாலா பகுதியில் எங்களுக்குக் கீழே குடியிருக்கும் வங்காளிப் பெண். துறைமுக வேலையில் மாற்றலாகி நான் இங்கே வந்த நாளிலிருந்து "தீதி, தீதி" என்று அக்கா முறை வைத்து இவளைச் சுற்றி வருவாள், அவ்வளவுதான். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. கொடுக்கலாமென்றால் அவள் கணவனுக்கு ரத்தம் சேரவில்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. டயாலிசிஸை உடம்பு இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாவம்தான். அதற்காக?

"புண்ணியம் தேடுறியா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க."

"தெருவே உன்னை தெய்வம்னு கும்பிடணுமா?"

"யாருக்கும் தெரியவே வேண்டாம்."

"பின்ன எதுக்குடி?"

"துணி காயப்போட மாடிக்கு வர்றப்ப படிக்குப் படி உக்காந்து ஏறி வர்றா. பார்த்துக்கிட்டு இருக்க முடியலை."

"அப்போ உன் மன நிம்மதிக்காகத்தான் கொடுக்கற. அதுவும் சுயநலம்தான்."

"அப்படியே வச்சுக்கோங்க. அவ பொழைச்சா சரி."

இப்படிப் பேசுகிறவளிடம் என்னத்தைச் சொல்வது? உலகத்தில் யாரும் எதையும் சும்மா கொடுப்பதில்லை என்பது என் கட்சி. ஆபீசில் காலமெல்லாம் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

உறவில்லாதவர் உறுப்பு தருவதென்றால் ஒரு குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். பணத்துக்காக இல்லை, பாசத்தால்தான் என்று அவர்கள் நம்ப வேண்டும். அவர்களும் என் கட்சியாகத்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தெம்பு வந்தது. நான் தடுத்துக் கெட்ட பெயர் வாங்க வேண்டாம், அவர்களே தடுத்துவிடுவார்கள்.

கீதாஞ்சலியை முதலில் தனியாக விசாரித்தார்கள். பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். தலைமையில் இருந்த அம்மாள் ஹிந்தியில் கேட்டார்: "அவங்க உங்களுக்கு ஏதாவது கொடுத்தாங்களா?"

நீலாவதிக்குப் பொய் வராது. "புடவை கொடுத்தாங்க. பட்டுப் புடவை."

மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுவுமே கொடுக்கலைன்னு அந்தப் பொண்ணு இப்பத்தான் சொல்லிட்டுப் போனா. புடவையை மறைச்சவங்க வேற எதையெல்லாம் மறைச்சாங்க?"

நீலாவதி அழுதுவிட்டாள். அழுகையில் அவளுக்கு ஹிந்தி வரவில்லை. தமிழில் என்னவோ சொன்னாள், அது அவர்களுக்குப் புரியவில்லை. அம்மாள் என் பக்கம் திரும்பினார். "கணவர்தானே? நீங்க சொல்லுங்க."

நான் பேசாமல் இருந்தால் போதும். என் மனைவியை முழுசாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். கீழ்வீட்டுப் பெண் செத்துப்போவாள். அது என் தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடவுள் சத்தியமாக, அந்த நிமிடம் வரை நான் விரும்பியதும் அதைத்தான்.

"மேடம், அது பூஜைப் புடவை," என்றது என் வாய். "வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு அவங்க எங்களுக்குத் துணி எடுப்பாங்க. தீபாவளிக்கு நாங்க அவங்களுக்கு எடுப்போம். அவ புருஷனுக்கு நானே கடை ஏறி இறங்கிச் சட்டை எடுத்திருக்கேன். பூஜைத் துணியை உங்க வீட்டுல யாராவது கொடுத்தது, வாங்கினதுன்னு சொல்வாங்களா? கீதாஞ்சலிக்கு மட்டும் எப்படித் தோணும்?"

குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. கீதாஞ்சலியைத் திரும்ப அழைத்துக் கேட்டார். "பூஜைத் துணியையா கேட்டீங்க?" என்று அவள் விழித்த விழிப்பைப் பார்த்து நம்பிவிட்டார்கள். கடைசியாக, உங்களுக்குச் சம்மதமா என்று என்னிடம் கேட்டார். சம்மதம் என்றேன்.

வராந்தாவுக்கு வந்தோம். ஏன் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு லாபமும் தட்டுப்படவில்லை.

"நீலா, எனக்குப் பயமா இருக்கு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முதல் நாள்லேருந்தே பயம்தாங்க. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னு சொல்லலை."